யாருடைய கப்பல்?

துறைமுகத்தில் அவனுக்கு முரடன் என்று பேர். அடிதடி என்றால் அழைக்காமலே போய் நிற்பான். முன்பல் இரண்டு அப்படித்தான் போயிற்று. கப்பல் கரையணையும்போது வீசுகிற வடத்தை இழுத்து இரும்பு முளையில் மாட்டுவது வேலை. தங்கை புருஷனையும் அதே வேலையில் சேர்த்துவிட்டிருந்தான். அவனைப் பத்திரமாக வீடு சேர்ப்பது தன் பொறுப்பு என்று தங்கையிடம் மார்தட்டியும் சொல்லியிருந்தான்.

கொடியை நம்பாதே என்பது முரடனின் சட்டம். கப்பல் முதலாளிகளில் முன்வரிசையில் இருப்பவர்கள் கிரேக்கர், சீனர், ஜப்பானியர். பின்னால் பறப்பதோ பனாமாக் கொடி, லைபீரியாக் கொடி. மாலுமிகள் வேறெங்கிருந்தோ வருவார்கள். கடல் வியாபாரமே இந்தக் கூத்துதான். அதனால் புகைபோக்கியில் தீட்டிய முதலாளியின் சின்னத்தைப் பார்த்துத்தான் ஆட்களை வடத்துக்குப் பக்கத்திலோ தள்ளியோ நிறுத்துவான்.

"ஜப்பான் முதலாளிடா! வடமெல்லாம் புதுசா இருக்கும்" என்று அன்றும் கத்தினான். "மாப்ள, பக்கத்துலயே நில்லு!"

மாப்பிள்ளை நின்றான்.

கப்பல் கைமாறியிருந்த விஷயம் கரையில் ஒருத்தனுக்கும் தெரியாது. சின்னத்தையே மாற்றாத புது முதலாளி வடத்தையா மாற்றப்போகிறான், கஞ்சப்பயல்! வடம் விண்ணென்று இறுகி, வெடித்து அறுந்து, சுழன்று வந்து மாப்பிள்ளையின் இடுப்பில் அடித்தது. தூக்கி எறியப்பட்டு முளையில் மோதினான். ஒரு கால் பின்பக்கமாகத் திருகிக் கிடந்தது. ஐயோ, எத்தனை ரத்தம்!

ஆம்புலன்ஸ் வந்து அவனை ஏற்றியது. கூடப் போக வேண்டியவன் கப்பல் ஏணியில் ஏறினான். முதலில் எதிர்ப்பட்ட அதிகாரியின் சட்டையைப் பிடித்து மூக்கில் குத்தினான்.

"முதலாளி யாருடா? சொல்லு!"

"நாங்க பார்த்ததே இல்ல" என்று அந்த மனிதன் அரைகுறை மொழியில் அழுதான். "புது வடம் கேட்டுக் கேட்டு ஓய்ஞ்சுட்டோம்."

"அப்ப நான் யார அடிக்கிறது?"

கேட்டுவிட்டு அவனையேதான் அடித்தான். விலா எலும்பு முறிகிற சத்தம் கேட்டும் நிறுத்தவில்லை. காவலாளிகள் தடியால் மண்டையைப் பிளந்த பிறகுதான் கீழே விழுந்தான்.

தையல் போட அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். நடைவழியில் தங்கை தரையில் உட்கார்ந்திருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"அந்தக் கப்பல்காரன நான் சும்மா விடலம்மா. எலும்ப ஒடிச்சிட்டேன்."

"அவருக்குக் கடைசி வரைக்கும் நினைவு இருந்துச்சுண்ணே" என்றாள். "ரொம்பப் பயந்துட்டாரு. நான் வந்து சேர்றப்பவே பேச்சு போயிடுச்சு. மச்சான் எங்க, மச்சான் எங்கன்னு வழி முழுக்கக் கேட்டாராம். தனியா வந்திருக்காருண்ணே. நீ ஏன் கூட வரல?"

அடிக்கட்டும் என்று அவன் தலையைக் குனிந்து காட்டினான். அவள் அடிக்கவுமில்லை.