மூன்றாம் ஆட்டமும் ஒரு பந்தல் கயிறும்

போன ஆசியக் கோப்பை கால்பந்து நடந்த ஜனவரி மாதம் அது. கொச்சியில், மட்டாஞ்சேரியில், என் கடை இருக்கிற தெருவிலேயே நடந்த விஷயம்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். தென்காசிப் பக்கத்திலிருந்து பதினாலு வயதில் மாற்றுத்துணி இல்லாமல் இங்கே வந்து இறங்கினேன். இன்றைக்குப் பந்தல், நாற்காலி, மைக் செட், பெரிய திரை எல்லாம் வாடகைக்கு விடுகிற கடை எனக்குச் சொந்தம். இடப்பள்ளியிலிருந்து வைப்பின் வரைக்கும் பந்தல் என்றால் என்னைத்தான் கேட்பார்கள். யாரும் தூக்கிவிடவில்லை, நானே ஏறினேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு கூச்சமும் கிடையாது.

எனக்கு இருக்கிற ஒரே பைத்தியம் ஃபுட்பால். உலகக் கோப்பை வந்தால் எங்கள் தெருவைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் பிரேசில் மஞ்சள், மறுபக்கம் அர்ஜென்டினா நீலம், தென்னை உயரத்துக்குக் கட்-அவுட். அவர்களுக்கெல்லாம் திரை கட்டிக் கொடுப்பது நான்தான். ஆனால் இந்தியா ஆடுகிறது என்றபோது ஒரு ரசிகர் சங்கத்துக்காரனும் வந்து திரை கேட்கவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தெருமுனையில் நானே இலவசமாகத் திரை கட்டி, நூறு நாற்காலி போட்டு, ஃப்ளெக்ஸும் வைத்தேன். அதில் ஆட்டக்காரர்கள் கீழே சின்னதாக வரிசையில் நிற்பார்கள். மேலே நான் பெரிசாகக் கை கூப்பிக்கொண்டு நிற்பேன். அப்போது அது எனக்குத் தப்பாகவே படவில்லை.

முதல் ஆட்டத்தில் பாதி நேரம் வரை கோல் விழவில்லை. எல்லாருக்கும் சாயா சொல்லி, என்னவோ நானே காவல் நின்று தடுத்த மாதிரி நடந்தேன். அப்புறம் இரண்டு கோல் வாங்கினார்கள். அடுத்த ஆட்டத்துக்குப் பாதி நாற்காலி காலி. அதில் இடைவேளைக்கு முன்னாலேயே மூன்று கோல். என்னால் உட்கார முடியவில்லை. திரைக்கு முன்னால் போவதும் வருவதுமாக இருந்தேன். மறைக்கிறது, நகருங்கள் என்று பின்னாலிருந்து கத்தினார்கள். எங்கள் தெருவில் சுமை தூக்குகிற சேட்டன் ஒருவர் உண்டு, அர்ஜென்டினா ரசிகர். அவர் நிதானமாக, "சேட்டா, ஃப்ளெக்ஸில உள்ள ஆளுக்கு மாலை போடண்டே?" என்றார், படத்துக்கு மாலை போட வேண்டாமா என்று. எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

அந்தச் சிரிப்பில்தான் எனக்கு வாய் கட்டவிழ்ந்தது. கால் இருக்கிறதா வாழைத்தண்டா என்று ஆரம்பித்து ஆட்டக்காரர்களைச் சொல்லாத வார்த்தை இல்லை. கடைசியாக மார்பைத் தட்டி, "முப்பத்தெட்டு வருஷத்துல எம் பந்தல் ஒண்ணு சரிஞ்சிருக்கா? வேலைன்னா அப்படிச் செய்யணும்" என்றேன்.

அப்போது மூன்றாவது வரிசையில் ஒருத்தர் கை தட்டினார். எனக்கில்லை, திரைக்கு. நம் ஆள் ஒருவன் பந்தைத் துரத்திப் போய்க் கோட்டில் விழுந்து தடுத்திருக்கிறான், அதற்கு. அவர் நம் தமிழ் ஆள்தான், கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. மகள் கல்யாணத்துக்கு என்னிடம்தான் பந்தல் சொல்லியிருந்தார். மூணு கோல் வாங்கினவனுக்கு எதுக்குய்யா கைத்தட்டு என்று சீறினேன். "இன்னமும் ஓடுறானுங்கல்ல அண்ணாச்சி" என்றார். எனக்கு எரிச்சல்தான் கூடியது. மறுநாள் காலையில் முதல் வேலையாக ஏணி வைத்து ஃப்ளெக்ஸை இறக்கிச் சுருட்டிவிட்டேன்.

மூன்றாவது ஆட்டம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு. அன்றைக்குத்தான் அந்தக் கை தட்டினவர் வீட்டில் கல்யாணத்துக்கு முந்தின நாள் விருந்து. திரை கட்டவில்லை. பார்க்கவே கூடாது என்று சத்தியம் செய்துகொண்டு, பந்தல் வேலைக்குப் போனேன். ஆனால் கை அரிக்கிறதே. போனில் ஆட்டத்தைப் போட்டுச் சட்டைப் பையில் முகம் வெளியே தெரிகிற மாதிரி செருகிக்கொண்டேன். ஒரே ஒரு கோல் போதும், தெருவில் தலை நிமிர்ந்து நடந்துவிடுவேன் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

என் தொழிலில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. எத்தனை வேலையாட்கள் இருந்தாலும் முகப்பு வளைவின் கடைசிக் கயிற்றை நான்தான் கட்டுவேன். இரண்டு சுற்று, மூன்று முடிச்சு. கட்டிய பிறகு அதில் என் முழுப் பாரத்தையும் போட்டு மூன்று தடவை தொங்கிப் பார்ப்பேன். சந்து குறுகல் என்பதால் அன்றைக்குக் கயிற்றை எதிர்வீட்டு மதில் கொக்கியில் கட்ட வேண்டியிருந்தது. ஒரு சுற்றுச் சுற்றினேன். அந்த நேரம் பார்த்து போனில் இந்தியாவுக்கு ஃப்ரீ கிக் என்று கேட்டது. முனையைச் சும்மா செருகிவிட்டுப் பையைப் பார்த்தேன். பந்து வெளியே போனது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அடுத்த வேலைக்கு நகர்ந்துவிட்டேன். தொங்கிப் பார்க்கவில்லை.

விளக்கு போடுகிற நேரம். வளைவுக்குக் கீழே கல்யாணப் பெண் இரண்டு கையிலும் மருதாணியோடு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள், ஒருத்தி மடியில் கைக்குழந்தை. இரும்பு முனகுகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். கயிறு கொக்கியை விட்டு வழுக்கிக்கொண்டிருந்தது. வளைவு, பூ, சீரியல் விளக்கு எல்லாமாகச் சேர்ந்து மெள்ளத் தலை குனிந்து அவர்கள் மேல் வருகிறது.

பாய்ந்து கயிற்றைப் பிடித்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. போன் தெறித்துப் போய்த் தரையில் கிடந்து தன்பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. என் ஒருவன் பலம் போதவில்லை, கால் மணலில் இழுபட்டது. பெண்ணின் அப்பா பிரியாணி வேகிற செம்பு அண்டாவுக்குப் பக்கத்திலிருந்து ஓடி வந்து வளைவின் காலுக்குத் தோளைக் கொடுத்தார். "விட்டுராதீங்க அண்ணாச்சி. பிள்ளைங்க வெளிய போற வரைக்கும் பிடிச்சாப் போதும்" என்றார். குரல் உயரவே இல்லை. பெண்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். குழந்தையை யாரோ வாங்கிக்கொண்டார்கள். கீழே கிடந்த போனில், எதிரணி கோல் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அத்தனை நாள் காத்திருந்தும் அது எனக்கு ஏதோ வேறு ஊர்ச் சங்கதி போலத்தான் கேட்டது.

ஆட்கள் ஓடி வந்து நிமிர்த்தினார்கள். அந்த அர்ஜென்டினா சேட்டனும் வந்திருந்தார். எப்படிச் சரிந்தது என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். பெண்ணின் அப்பா முந்திக்கொண்டார்.

"கடல் காத்து, சேட்டா. ஒண்ணு சுழிச்சு அடிச்சது. அண்ணாச்சி பிடிச்சதால எம் மக தப்பிச்சா."

அன்றைக்கு ஒரு இலை ஆடவில்லை. ஆனால் நான் தலையை ஆட்டினேன். ஆமாம், நல்ல காற்று என்றுகூடச் சொன்னேன்.

எல்லாரும் நகர்ந்த பிறகு, நான் கயிற்றைத் திரும்பக் கட்டும்போது அவர் பக்கத்தில் வந்து நின்றார். "முடிச்சே விழலை. நீங்க போனைப் பாத்துக்கிட்டு நின்னதை நான் பாத்தேன்" என்றார். பிறகு, "நாளைக்குக் கல்யாணம் நல்லபடியா நடக்கணும். இந்த வீட்டு வாசல்ல இன்னிக்குச் சண்டை வேண்டாம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மறுநாள் என்னை முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். பெண்ணைக் காப்பாற்றியவன் என்று மாப்பிள்ளை வீட்டார் கை கொடுத்தார்கள். உரிந்த உள்ளங்கை எரிந்தது. இருந்தும் ஒவ்வொரு கையையும் பிடித்துக் குலுக்கினேன்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் ஆட்டத்தின் கடைசிக் காட்சியைப் போனில் போட்டுப் பார்த்தேன். மூன்றும் தோற்று, ஒரு கோல்கூடப் போடாமல், நம் ஆட்டக்காரர்கள் தொங்கிய முகத்தோடு கேலரிப் பக்கம் போனார்கள். அங்கே, நம் ஊரிலிருந்து வளைகுடாவுக்குப் பிழைக்கப் போனவர்கள் கொடியோடு நின்றார்கள். அவர்களைப் பார்த்து இவர்கள் கை தட்டினார்கள். யாரோ ஏதோ கத்தினார்கள், அதையும் நின்று கேட்டார்கள்.

நான் மாறிவிட்டேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். இந்தியா தோற்றால் இன்றைக்கும் கத்தத்தான் செய்கிறேன். பந்தல் வேலைக்குப் போகும்போது போனைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போகிறேன், அவ்வளவுதான். ஆனால் கத்திக்கொண்டிருக்கும்போதே பாதியில் எழுந்து வெளியே போய்விடுகிறேன். தெருவில் இன்னும் அந்தக் காற்றைப் பற்றிப் பேசுகிறார்கள், நானும் கேட்டுக்கொண்டு நிற்கிறேன், முதல் தடவையாக இங்கேதான் உண்மையை எழுதுகிறேன். தோற்றவர்கள் ஜனங்களுக்கு முன்னால் வந்து நின்றார்கள், நானோ, அடிக்காத காற்றுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன் என்பது இன்றுவரை என்னை ஒரு இடத்தில் நிம்மதியாக உட்கார விடவில்லை.