பெஞ்சின் ஓரத்தில் ஜோசியான்

தன் அணி ஜெயிக்கும்போது ஒருத்திக்கு வயிறு எரியுமா? அந்தக் குளிர்காலத்தில் யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. ஜோசியானுக்குத் தெரிந்திருக்கும்.

சுரங்க ஊரான திம்மின்ஸில் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி தொடங்கிய முதல் வருடம், கோல் வலை முழுக்க அவளுடையது. சுரங்கத்தில் ஷிப்ட் முடித்தவர்கள் குளிக்காமல்கூட அரங்குக்கு வந்து அவள் பெயரைக் கத்தினார்கள். இரண்டாம் வருடம் மினசோட்டாவிலிருந்து ஹேலி வந்தாள், கல்லூரி முடித்த கையோடு. பயிற்சியாளர் டெனிஸ் அவளை வலைக்கு முன்னால் நிறுத்தினார். மாற்று கோல்கீப்பருக்கு எங்கும் உள்ள வேலைதான் ஜோசியானுக்கு மிஞ்சியது: பெஞ்சின் ஓரத்தில் நின்று, ஆட்டக்காரிகள் மாறும்போதெல்லாம் பனித்தளத்துக்குள் போகும் கதவைத் திறந்து மூடுவது.

“காவல்காரம்மா, முழிச்சிருக்கியா?” என்று கேட்டுவிட்டுத்தான் அணித்தோழி மோட் பனியில் இறங்குவாள். எல்லோரும் சிரிப்பார்கள். ஜோசியானும் சேர்ந்து சிரித்துவைப்பாள்.

அணி ஒரு நிலையில் இல்லை. வரிசையாக ஜெயிக்கும், பிறகு கடைசி இடத்து அணியிடம் போய் உதை வாங்கும். தோற்றுத் திரும்பும் பஸ்ஸில் எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டிருக்க, ஜோசியானுக்கு மட்டும் நன்றாகப் பசிக்கும். ஹேலி ஜெயித்துக் கொடுத்த நாளில் தண்ணீர்கூட இறங்காது.

கடைசி லீக் ஆட்டத்துக்கு முன் டெனிஸ் இருவரையும் கூப்பிட்டார். பிளேஆஃப் என்ற இறுதிச் சுற்றில் வலைக்கு முன்னால் யார் நிற்பது என்பதை ஹேலி இன்று ஆடுவதைப் பார்த்து முடிவு செய்வதாகச் சொன்னார்.

கடைசிப் பகுதியான மூன்றாவது பகுதி பாதி ஓடியும் ஹேலியைத் தாண்டி எதுவும் போகவில்லை. திம்மின்ஸ் ஒரு கோல் முன்னால் இருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் கோல் விழாததைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சொன்னால் அதிர்ஷ்டம் உடைந்துவிடும் என்பது இந்த ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். ஆட்டம் சற்று நின்றபோது ஹேலி தண்ணீர் குடிக்கப் பெஞ்சுக்கு வந்தாள். ஜோசியான் பாட்டிலை நீட்டினாள்.

“இன்னிக்கு உனக்கு ஒரு கோல்கூட விழலையேடி.”

பெஞ்ச் முழுக்க அது கேட்டது. ஹேலி குடித்துவிட்டு வலைக்குத் திரும்பினாள். மோட்தான் திரும்பினாள்.

“வேணும்னேதான சொன்னே?”

“வாய் தவறிடுச்சு.”

“பத்து வருஷமா கோல் காக்கிறவளுக்கு வாய் தவறுமா?”

கொஞ்ச நேரத்தில், தூரத்திலிருந்து வந்த ஒரு சோம்பல் அடி ஹேலியின் கால்களுக்கு நடுவே உருண்டு போனது. கூடுதல் நேரத்தில் இன்னொன்று. தோல்விதான், ஆனால் கூடுதல் நேரத்தில் தோற்றவர்களுக்குக் கிடைக்கும் ஒற்றைப் புள்ளியில் அணி எப்படியோ பிளேஆஃபுக்குள் தொற்றிக்கொண்டது. பெஞ்சில் நடந்தது டெனிஸின் காதுக்குப் போகவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு அனுபவம் வேண்டும் என்று ஜோசியான் பெயரைச் சொன்னார்.

கேட்டது கிடைத்துவிட்டது. ஆட்டம் தொடங்குமுன் அணியில் ஒவ்வொருத்தியும் வந்து மட்டையால் கோல்கீப்பரின் கால் கவசத்தைத் தட்டி வாழ்த்திவிட்டுப் போவது வழக்கம். ஜோசியான் வலைக்கு முன்னால் காத்து நின்றாள். மோட் தலையைத் திருப்பிக்கொண்டு கடந்து போனாள். மற்றவர்களும் அவள் பின்னாலேயே போய்விட்டார்கள்.

ஹேலி மட்டும் சறுக்கி வந்து இரண்டு காலிலும் தட்டினாள்.

“நல்லா ஆடு, ஜோ. நெஜமாத்தான் சொல்றேன்.”

அது நிஜம் என்பது ஜோசியானுக்கும் தெரிந்தது. தன்னால் முடியாத இந்த மனதார வாழ்த்தும் இவளால் முடிகிறதே என்று, நடுவர் விசில் ஊதும்வரை, அதற்கும் சேர்த்து அவளுக்கு வயிறு எரிந்தது.

உங்கள் அணியிலும் ஒருத்தி இப்படி ஓரத்தில் நின்றுகொண்டிருக்கலாம். அவளிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.