மேனேஜர் விழுங்கிய நூல்

“உங்க மேனேஜர் இன்னிக்கு லீவா, அண்ணி?”

அலுவலகத்துக்குக் கிளம்பிய நாத்தனார், பின்வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

“லீவெல்லாம் இல்ல. நேத்து சாயங்காலம் மூக்கு முட்டத் தின்னுருக்கும் போல. கழுத்துக்குக் கீழ பந்து மாதிரி இருந்துச்சு. செரிக்க வேணாமா?”

“கண்ண மூடிக்கிட்டு நிக்குது.”

“மேனேஜருங்கன்னா அப்படித்தான். உங்க ஆபீஸ்ல பாத்ததில்லையா?”

“மக்காச்சோளம் போட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல.”

தையல் மிஷின் நின்றது. “மக்காச்சோளத்தையா? ஏண்டி அமுக்குணி, இதைத்தானே முதல்ல சொல்லணும்!”

மேனேஜர் என்பது ஒரு சிவப்புக் கோழி. வீட்டின் முன்னறைதான் அண்ணியின் தையல் கடை. கால்சட்டையின் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பள்ளிச் சீருடை தைப்பது என்று காலை முதல் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். அது ஓடத் தொடங்கியதும் கொல்லையிலிருந்து இந்தக் கோழி உள்ளே வந்து, தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் தையலை மேற்பார்வை பார்க்கும். அப்படி வந்த பெயர். கொல்லையில் இருந்த மற்ற மூன்று கோழிகளுக்கும் இந்த வேலைப் பற்று கிடையாது.

நாத்தனார் நாலு வார்த்தை பேசினால் வீட்டில் மழை வரும் என்பார்கள். இரண்டு மொழிகளில் படித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடிதங்களை மாற்றும் வேலையில் இருந்தாள். சொந்தமாகப் பேச எதுவும் மிஞ்சுவதில்லை போலும். அன்று அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அண்ணியின் பின்னால் போனாள்.

அளவுச் சட்டை இல்லாமல் அண்ணி யாருக்கும் தைத்ததில்லை. கோழி விஷயத்திலும் அதையே செய்தாள். முதலில் மற்ற மூன்றையும் பிடித்து, கழுத்துக்குக் கீழே தீனி தங்கும் பையைத் தொட்டுப் பார்த்தாள். இரவு முழுக்கச் செரித்து, மூன்றுக்கும் அது தட்டையாக, காலியாக இருந்தது. பிறகு மேனேஜரைத் தொட்டாள். முந்தின நாள் இருந்த பந்து அப்படியே இருந்தது. கல்லாக இருந்தது.

“எண்ணெய ஊத்தி உருவி விடு. ரெண்டு நாள் பாக்கலாம்,” என்றான் பல் துலக்கிக்கொண்டிருந்த அண்ணன்.

“உனக்கு வயித்து வலின்னா ஊரையே கூப்பிடுவ. இது வாய் திறந்து சொல்லாது. சீக்குன்னு தெரிஞ்சா கூட இருக்கறதே கொத்தும்னு கடைசிவரைக்கும் மறைக்கும். இதுக்கு ரெண்டு நாளெல்லாம் கிடையாது,” என்றாள் அண்ணி.

கால்நடை மருத்துவர் தீனிப் பையில் சின்னதாகக் கீறி, இடுக்கியால் இழுத்து ஒரு தட்டில் போட்டார். வந்தது தீனி அல்ல, நூல். காக்கி, நீலம், வெள்ளை எல்லாம் பின்னிப் பிணைந்த ஒரு சிக்கு.

“இதென்னம்மா கோழியா, தையல் பெட்டியா?”

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணிக்கு வரவில்லை. காக்கி, பஸ் கண்டக்டர் தைக்கக் கொடுத்த கால்சட்டை. நீலம், பக்கத்துப் பள்ளிக்கூடத்துச் சீருடை. ஒரு மாதத் தையல் முழுவதும் அந்தத் தட்டில் கிடந்தது.

“யாரு போட்டது?”

“நான்தான் டாக்டர். மிஷினுக்குக் கீழ விழுற வெட்டு நூல முட்டையிடற பெட்டியில மெத்தை மாதிரி போட்டேன். மெத்துன்னு இருக்கட்டுமேன்னு.”

“புழுன்னு நெனச்சுத் தின்னுருக்கு. எண்ணெய் கிண்ணெய் ஊத்தாம வந்தீங்க, நல்லது. மூச்சுக்குழாய்க்குள்ள போயிருந்தா அவ்வளவுதான்.”

அவர் கொடுத்த குறிப்புத்தாள் அண்ணிக்குத் தெரியாத மொழியில் இருந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நாத்தனார் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு மாதத்துப் பேச்சை அன்றே பேசித் தீர்த்தாள்.

மேனேஜர் முன்னறையில் ஒரு அட்டைப்பெட்டியில் தனியாக வைக்கப்பட்டது. குழைத்த தீனியை மூன்று நாளும் தொட்டுவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அண்ணிக்கு ஊசியில் நூல் கோக்கவே கை வரவில்லை. நான்காம் நாள் கொஞ்சம் தின்றது. மறுநாள் விடியற்காலையில் வீடே அதிரும்படி ஒரு சத்தம்:

“காலியா இருக்குடி!”

“பை காலியா இருக்குன்னு சந்தோஷப்படறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்,” என்றான் அண்ணன், போர்வைக்குள்ளிருந்து.

அதன் பிறகு முட்டைப் பெட்டியில் வைக்கோல்தான். மிஷினுக்குக் கீழே மூடி போட்ட டப்பா வந்தது. கோழி வைக்க ஒரு வெறும் அட்டைப்பெட்டி, பழைய துண்டு, மருந்து விடும் சொட்டுக்குழாய் மூன்றும் பரண்மேல் எப்போதும் தயாராக இருந்தன. மருத்துவரின் தொலைபேசி எண்ணைத் துணியில் கோடு போடும் சாக்கட்டியால் சுவரில் பெரிதாக எழுதினாள். தினமும் தீனி போடுமுன் நான்கு பைகளையும் தொட்டுவிட்டுத்தான் கடையைத் திறந்தாள். கொண்டை வெளுத்திருக்கிறதா, எச்சம் தண்ணீராகப் போகிறதா என்பதையும் பார்த்தாள்.

கடைக்கு வருபவர்களில் கோழி வளர்ப்பவர்களும் உண்டு. கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி வாய் வலித்ததால், சுவரில் மாட்ட ஒரு தாள் எழுதித் தரும்படி அண்ணி கேட்டாள். நாத்தனார் அழகாக எழுதினாள். மேல் வரி இப்படி இருந்தது: ‘நூல் போன்ற பொருட்களைக் கோழிகளின் அருகில் வைப்பதைத் தவிர்க்கவும்.’

அண்ணி அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். தாளைத் திருப்பி நீட்டினாள்.

“அதென்னடி ‘போன்ற’? எவளோ போட்ட மாதிரி இருக்கு. படிச்சவன் ‘நமக்கில்ல’ன்னு போயிடுவான். எனக்காக ஒண்ணு பண்ணு. ‘இந்தக் கடைக்காரி நூலைப் போட்டா, அவ கோழி சாகக் கெடந்துச்சு’ன்னு மேல எழுது. பெரிய எழுத்துல எழுது.”