வரி அவரைக்குப் பசை வேண்டாம்

ஓசூர்ல எங்க கம்பெனி ஆண்டு விழாவுக்குப் படப் போட்டின்னு சொன்ன அன்னிக்கே எனக்குக் கால் தரையில நிக்கல. தினம் போல்ட் முடுக்குற கைக்கு இப்படி ஒரு வாய்ப்பு எப்ப வரும்? விதையிலயே படம் பண்றேன்னு பேர் குடுத்துட்டேன்.

சிங்காரப்பேட்டையில அண்ணனுக்குப் பருத்திக் காடு. வருஷா வருஷம் கடையில வாங்குற, மரபணு மாத்துன விதைதான். மருந்து பூசி, சாயம் ஏத்தி, எல்லாம் ஒரே அச்சு. மிச்சம் இருந்ததை அப்படியே அள்ளிக் குடுத்துட்டார். அண்ணிகிட்டதான் புதையல்! வரி போட்ட அவரை. ஊதா, காப்பி, கருப்புன்னு ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. அந்தப் பக்கம் வேற யாரும் இப்ப அதை விதைக்கறதில்ல. மொத்தமே ரெண்டு கைப்பிடி.

“ஏம்மா, ஆடிக்கு விதைக்கணும். ஒண்ணு குறையாம வந்துடணும், சொல்லிட்டேன்”னார் அண்ணி.

கேன்டீன் மேசையில பலகையைப் போட்டேன். பருத்தி விதையைக் கையுறை மாட்டிக்கிட்டு ஒட்டுனேன், விஷமாச்சே! அவரையை மட்டும் வெறுங்கையால, பசை இல்லாம, பென்சில் கோட்டு மேல அடுக்குனேன். அடேயப்பா, சாப்பாட்டை விட்டுட்டுக் கூட்டம் கூடிடுச்சு.

மேனேஜர் வந்தார். “பிரமாதம்மா! வாசல் ஹால்லயே மாட்டிடலாம். அந்தப் பக்கத்தையும் ஒட்டிடுங்க.”

எனக்கு ஜிவ்வுன்னு ஏறுச்சு. வாசல்ல என் படம்! பசை டப்பாவையும் திறந்துட்டேன். ஒட்டுனா அது அப்புறம் விதையே இல்ல. அண்ணிக்குக் கடையில வாங்கியும் குடுக்க முடியாது. சீச்சீ, என்ன காரியம் பண்ணப் பாத்தேன்னு எனக்கே கோபம் வந்துச்சு. எல்லாத்தையும் பொறுக்கித் துணியில கட்டி, ஷிஃப்ட் முடிஞ்சதும் சிங்காரப்பேட்டைக்குப் பஸ் ஏறிட்டேன்.

மறுநாள் பலகையில பாதிக்கு வெறும் பென்சில் கோடுதான்.

“மீதி எங்கம்மா?”ன்னார் மேனேஜர்.

“விதைக்கப் போயிடுச்சு சார்.”

அந்தக் கோட்டைக் குனிஞ்சு பாத்துட்டு, “அப்படியே மாட்டுங்க”ன்னுட்டார்!

இப்ப எல்லாரும் நிக்கறது அந்த வெறும் பாதி முன்னாடிதான். கன்னடத்துலயும் தெலுங்குலயும் அவங்கவங்க வீட்டுல இல்லாமப் போன விதையோட பேரைச் சொல்றாங்க. உங்க அண்ணிகிட்ட எங்களுக்கும் கொஞ்சம் கிடைக்குமான்னு பிடுங்கி எடுக்கறாங்க.

போன் போட்டுச் சொன்னேன். “இருக்கறதே ரெண்டு கைப்பிடி, ஊருக்கே வாக்குக் குடுத்துட்டியா?”ன்னு அண்ணி காய்ச்சி எடுத்துட்டார். அப்புறம் அவரே யார் யார் கேட்டாங்கன்னு ஒவ்வொருத்தரா விசாரிச்சார்.

“காய்க்கட்டும்”னார். “எல்லாரையும் வரச் சொல்லு.”