எட்டு நபர்கள், 544 கிலோ

அப்பா இறந்து ஆறு வாரம் ஆகிறது. அவர் வேலை பார்த்த லிஃப்ட் பராமரிப்பு நிறுவனம் அனுப்பிய இரங்கல் கடிதத்தில் நான்கு விவரங்கள் இருந்தன. முப்பத்தொரு வருடப் பணி. ஒரு விபத்துகூட இல்லை. மூன்று பாராட்டுச் சான்றிதழ்கள். ஒரு முறை, தகுதிச் சான்று இரண்டு மாதம் நிறுத்திவைப்பு. கடைசி விவரத்தை யாரோ கோப்பிலிருந்து யோசிக்காமல் எடுத்துப் போட்டுவிட்டார்கள். கடிதத்தைக் கொண்டுவந்த மேலாளர் அதற்காக அம்மாவிடம் வருத்தம் தெரிவித்தார்.

"அத மட்டும் எடுத்துடாதீங்க" என்றாள் அம்மா. "மத்த மூணும் வேணும்னா எடுத்துக்கோங்க."

அந்த ஒரு வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அப்பா பத்தாம் வகுப்பு முடித்துத் தொழிற்பயிற்சிக்குப் போனவர். லிஃப்ட் கதவில் காதை வைத்தே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்வார். பழுது பார்த்த பிறகு முதல் சவாரி அவருடையது. இரண்டாவது சவாரியில்தான் மற்றவர்களை ஏற்றுவார். எழுத்து மட்டும் சண்டித்தனம் செய்யும். பதிவேட்டில் 'லிஃப்ட் உரிம எண்' என்ற கட்டத்தை அவர் கையால் வரைவார். எப்போதும் 'லிஃப்ட் உரிமை எண்' என்றே எழுதுவார். நான் சிரிப்பேன். "ஒரு எழுத்துதானே, விடு" என்பார்.

நான் மின்பொறியியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது அது நடந்தது.

ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்று அப்பாவின் பொறுப்பில் இருந்தது. இரண்டு லிஃப்ட். முன்பக்கம் இருந்தது கண்ணாடி பதித்தது, குடியிருப்பவர்களுக்கு. பின்பக்கம் இருந்தது இரும்புக் கதவு போட்டது, சாமான்களுக்கும் வேலைக்கு வருகிறவர்களுக்கும். இப்படி எங்கும் எழுதி ஒட்டவில்லை. எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

ஒரு மாதாந்திரச் சோதனையில் பின்பக்க லிஃப்டின் கம்பி வடத்தில் இழைகள் அறுந்திருந்தன. ஒரு சாண் நீளத்துக்குள் பதினொன்று. அப்பா மின்சாரத்தைத் துண்டித்தார், 'ஓட்டக் கூடாது' என்று அட்டை மாட்டினார், வடத்தை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தார். குடியிருப்போர் சங்கம் பார்க்கலாம் என்றது. அடுத்த மாதமும் பார்க்கலாம் என்றது. மூன்றாம் மாதம் வேறொரு வேலை வந்தது. முன்பக்க லிஃப்டில் அட்டையைக் காட்டினால்தான் பொத்தான்கள் வேலை செய்யும்படி ஒரு கருவி பொருத்த வேண்டும். வெளியாட்கள் நுழையாமல் இருக்க. அப்பா ஒரே பகலில் முடித்துவிட்டார். வீட்டுக்கு வந்து ஒயர் போன பாதையை எனக்குப் படம் போட்டுக் காட்டினார். சுத்தமான வேலை. நானும் மெச்சினேன்.

அடுத்த சோதனைக்குப் போனபோது மொட்டைமாடி இயந்திர அறைக்கு வழக்கம்போலப் படியில் ஏறினார். ஐந்தாம் மாடித் திருப்பத்தில் சமையல் வேலை செய்யும் பெண்மணி உட்கார்ந்திருந்தார். ஏழாம் மாடியில் ஒரு வீட்டிலும் ஒன்பதில் ஒரு வீட்டிலும் அவருக்கு வேலை. ஐம்பதைத் தாண்டியவர். வலது முழங்காலில் பட்டை கட்டியிருந்தார்.

"என்னம்மா, இங்க உக்காந்துட்டீங்க?"

"முட்டிய சர்வீஸ் பண்றேன் அண்ணா. மாசத்துக்கு ஒருதடவைன்னா பரவால்ல, மாடிக்கு ஒருதடவை பண்ண வேண்டியிருக்கு."

"முன்னாடி லிஃப்ட் ஓடுதே."

"ஓடுது. கார்டு வேணும். எங்களுக்குக் கார்டு கிடையாதாம்."

"யார் சொன்னா?"

அவர் அப்பாவை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்கதானே அண்ணா மாட்டினீங்க? உங்களுக்கே தெரியாதா?"

அப்பா மேலே போகவில்லை. இறங்கிச் சங்கச் செயலாளரைப் பார்க்கப் போனார். செயலாளர் ஓய்வு பெற்ற பேராசிரியர், மரியாதைக்காரர், உட்காரச் சொன்னார்.

"யாரையும் வரக்கூடாதுன்னு நாங்க சொல்லலையே. படி இருக்கே."

"நீங்க நாலாவது மாடி சார். படில வருவீங்களா?"

"எனக்கு முட்டி வலி."

"அவங்களுக்கும் அதேதான் சார்."

செயலாளர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை மடித்து வைத்துக்கொண்டு சொன்னார்: "லிஃப்ட் ஓடுதான்னு நீங்க பாருங்க. யார் ஏறணும்னு நாங்க பாத்துக்கறோம்."

அந்தக் கருவியைக் கழற்ற அப்பாவுக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் மறுநாளே இன்னொருவர் வந்து திரும்பப் பொருத்திவிடுவார். அன்று சாப்பிடும்போது என்னிடம் கேட்டார்.

"எல்லாரும் சமம்னு அரசமைப்புச் சட்டத்துல இருக்குல்ல?"

"இருக்குப்பா. ஆனா அது அரசாங்கத்துக்குப் போட்ட கட்டு. அரசாங்கம் ஆளுக்கு ஆள் வித்தியாசம் காட்டக் கூடாது. இது தனியார் கட்டடம், தனியார் சங்கம். நேரா பொருந்தாது." கல்லூரியில் பொதுப்பாடத் தேர்வுக்குப் படித்தது. சரியாகச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

"சரி. லிஃப்ட் ஓட உரிமம் யார் தர்றா?"

"லிஃப்ட் இன்ஸ்பெக்டர்."

"அவருக்கு யார் சம்பளம் தர்றா?"

நான் வாயில் இருந்ததை மென்றுகொண்டிருந்தேன். "அரசாங்கம்" என்றாள் அம்மா, எனக்குப் பதிலாக.

வழி இருந்தது. ஆனால் அது அப்பாவின் மேல் ஏறித்தான் போயாக வேண்டும். உரிமம் பெற்ற லிஃப்டின் மின்சுற்றில் எந்த மாற்றம் செய்தாலும் இன்ஸ்பெக்டரின் முன்அனுமதி வேண்டும். சின்ன மாற்றங்களுக்கு யாரும் கேட்பதில்லை. அப்பாவும் கேட்கவில்லை. புகார் கொடுத்தால் முதல் குற்றவாளி அவர்தான். தகுதிச் சான்றே ரத்தாகலாம். சான்று இல்லாத மெக்கானிக் லிஃப்டைத் தொடக் கூடாது.

"சங்கத்த மாட்டிவிடப் போய் நீங்க மாட்டிக்கப் போறீங்க" என்றாள் அம்மா.

"மாட்டினது நான்தானே" என்றார் அப்பா.

அம்மா சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றாள். அதற்குப் பிறகு அவள் தடுக்கவில்லை.

கடிதத்தை நான் கணினியில் அடித்துத் தருகிறேன் என்றேன். தப்பு என்னுடையது, கையெழுத்தும் என்னுடையதாக இருக்கட்டும் என்று அவரே எழுதினார். மேலே வழக்கம்போல 'லிஃப்ட் உரிமை எண்'. கீழே இவ்வளவுதான்: "நான் அனுமதி வாங்காமல் இந்த லிஃப்டில் அட்டைக் கருவி பொருத்தினேன். உள்ளே இருக்கும் தகட்டில் எட்டு நபர்கள், 544 கிலோ என்று உள்ளது. இப்போது சில நபர்களால் ஏற முடியவில்லை. தகடு சரியா, நான் செய்தது சரியா என்று வந்து பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன்."

பத்தொன்பது நாள் பதில் இல்லை. அப்பா வேலைக்குப் போய் வந்தார். வீட்டில் மட்டும், தபால் வரும் நேரத்துக்குக் கதவுப் பக்கம் ஏதாவது ஒரு வேலை வைத்துக்கொண்டார்.

இருபதாம் நாள் இன்ஸ்பெக்டர் நேரில் வந்தார். உயரம் குறைந்த பெண்மணி, கையில் டார்ச். அப்பா, நிறுவன மேலாளர், செயலாளர் மூவரும் தரைத்தளத்தில் நின்றார்கள். நான் வகுப்புக்குப் போகாமல் கூட வந்திருந்தேன். இன்ஸ்பெக்டர் தகட்டின் மேல் டார்ச் அடித்துப் படித்தார். பிறகு செயலாளரிடம் திரும்பினார்.

"கருவி எதுக்கு?"

"பாதுகாப்புக்கு மேடம். வெளியாட்கள் வரக்கூடாது."

"சமைக்க வர்றவங்க வெளியாளா?"

"குடியிருக்கறவங்க இல்லையே."

"உங்க வீட்டு அடுப்படி வரைக்கும் வரலாம். லிஃப்டுக்குள்ள வந்தா வெளியாளா?"

செயலாளர், கட்டடம் தங்கள் சொத்து, விதியைத் தாங்கள்தான் வைக்க முடியும் என்றார். கோபமில்லாமல், பாடம் நடத்துகிற குரலில்தான்.

"உங்க விதிய நீங்க வெச்சுக்கோங்க சார். ஆனா இந்த மாற்றத்துக்கு என் கையெழுத்து வேணும். நான் போட்டா, இவர் ஏறலாம் இவங்க ஏறக்கூடாதுன்னு அரசாங்கமே பிரிச்ச மாதிரி ஆயிடும். அரசமைப்புச் சட்டம் எனக்கு அந்த அதிகாரத்தைத் தரல. என்கிட்ட இல்லாததை உங்களுக்கு எங்கேர்ந்து எடுத்துத் தர்றது? எல்லாருக்கும் கார்டு குடுங்க, போடறேன். இல்லன்னா கழட்டுங்க. பின்பக்க வடத்தையும் ஒரு மாசத்துல மாத்தணும்."

அங்கேயே நின்று ஆணை எழுதினார். எழுதி முடித்து அப்பாவின் கடிதத்தை எடுத்தார்.

"உரிமை எண்ணுன்னு எழுதியிருக்கீங்க."

"தப்புதான் மேடம். எனக்கு அந்த ரெண்டும் எப்பவும் குழம்பும்."

"குழம்பட்டும்" என்றார். அடுத்த மூச்சிலேயே, "அனுமதியில்லாம மாத்தினதுக்கு ரெண்டு மாசம் சான்று நிறுத்தி வைக்கறேன்" என்றார்.

"நன்றிங்க" என்றார் அப்பா.

எனக்கு அப்போது பற்றிக்கொண்டு வந்தது. தன் தவறைத் தானே எழுதிக் கொடுத்தவருக்குத் தண்டனையா என்று வழியெல்லாம் பொருமினேன். "எனக்கு மட்டும் விட்டுக் குடுத்தா அவங்க செயலாளர் மாதிரி ஆயிடுவாங்க பாப்பா" என்றார் அப்பா. செய்தி கேட்ட அம்மா, "ரெண்டு மாசம் வீட்டுலயா? தண்டனை எனக்குன்னு சொல்லுங்க" என்றாள். அந்த இரண்டு மாதச் சம்பளம் இல்லாமல் வீட்டை எப்படி ஓட்டினாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவளுக்கு நன்றி. கையால் எழுதிய ஒரு கடிதத்தைக் குப்பையில் போடாமல் படித்து, எழுந்து வந்த அந்த இன்ஸ்பெக்டருக்கு நன்றி. படித்திருந்தும் எனக்குத் தோன்றாத கேள்வியைச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கேட்ட அப்பாவுக்கு, அவர் இருக்கும்போது நான் இதைச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் வேறொரு மெக்கானிக் வந்து கருவியைக் கழற்றினார். அப்பா சாதாரணச் சட்டையில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பார்வையாளராக நின்றார். அருகில் நான். காலை வேலைக்கு அந்தச் சமையல் செய்யும் பெண்மணி வந்தார். அப்பா கதவைக் காட்டினார். அந்தப் பெண்மணி செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்கப் போனார்.

"போட்டுக்கிட்டே ஏறுங்கம்மா."

ஏறினார். ஏறி, பொத்தான்கள் பக்கம்கூட வராமல், பின்மூலையில் கண்ணாடியில் படாமல் ஒடுங்கி நின்றார்.

"அங்க நிக்காதீங்க" என்றார் அப்பா. "எடை ஒரு பக்கமா சாயும். லிஃப்டுக்கு நல்லதில்ல. நடுவுல நில்லுங்க."

அது பொய். அந்தப் பெட்டியில் ஒருவர் எந்த மூலையில் நின்றாலும் லிஃப்டுக்கு ஒன்றும் ஆகாது. அப்பாவுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும்.

"அப்படியா அண்ணா?" என்று கேட்டுக்கொண்டே அவர் நடுவில் வந்து நின்றார். ஏழாம் எண் பொத்தானை அழுத்தினார். கதவு மூடியது.