ஏழாம் நம்பர் ரூமும் முன்பக்கமில்லாத கப்பலும்

2004 செப்டம்பர் 14, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல விடியுமுன் எழுந்து குழாயடியில் தண்ணீர் பிடித்தேன், ஷேவ் செய்தேன், முதல் பஸ்ஸில் விஸ்வநத்தத்துக்கு வேலைக்குப் போனேன். டைரியில் இவ்வளவுதான் இருக்கிறது. மற்றதை இன்று காலை பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் போட்ட சரவெடி ஞாபகப்படுத்தியது. சிதறிக் கிடந்த காகிதத்தில் அச்செழுத்து தெரிந்தது. அதைக் குனிந்து படிக்காமல் என்னால் தாண்ட முடிவதில்லை. பார்க்கிறவர்கள் காசு தேடுகிறான் என்று நினைப்பார்கள்.

எல்லாம் ஒரு கப்பல் நாவலால் வந்த பழக்கம். அப்போது நான் பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். வெடிக்குக் குழாய் சுற்ற வந்த பழைய பேப்பர் கட்டில் அது கிடந்தது. முன்பக்கங்கள் இல்லை, எழுதியவர் பெயர்கூடத் தெரியாது. நாற்பது வயதுக்கு மேல்தான், அதுவும் திருச்செந்தூரில் முழங்கால் வரைக்கும்தான் கடலில் இறங்கியவன், சாப்பாட்டு நேரத்தில் அங்கே வேலை செய்த பெண்களுக்கு அந்தக் கதையைச் சொல்வேன். வெடிமருந்து அறைக்குள் மாலுமிகள் வெறுங்காலோடு போகும் இடம் வந்தபோது ஒரே சிரிப்பு.

“அங்கனயும் நம்மள மாதிரித்தானா அண்ணாச்சி? கேப்டனும் செருப்பக் கழத்துவாராக்கும்?” என்றாள் முத்துலட்சுமி.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் முதலாளி என்னைக் கூப்பிட்டு, “சீசன் ஆர்டர் நிக்குது. ஏழாம் நம்பர் ரூம்ல ஆறு பேரப் போடும்” என்றார். மருந்து அடைக்கும் அந்த அறையில் நாலு பேருக்குத்தான் அனுமதி. ஒரு பொறி பட்டால் எல்லோரும் ஓடி வெளியே வர வேண்டுமே. தலையாட்டிவிட்டு வந்தேன். அதிகப்படியாக உட்கார வைத்த இருவரில் முத்துலட்சுமி ஒருத்தி.

மதியக் கதையில் கப்பலில் அளவுக்கு மேல் பாரம் ஏற்றினார்கள். கேப்டனுக்கு அடுத்த அதிகாரிக்கு அது தெரியும். ஆனாலும் சரி ஐயா என்கிறான்.

“ஏன், வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தான்?” என்றாள் முத்துலட்சுமி.

“அவனுக்கும் பிள்ளகுட்டி இருக்கும்ல.”

“கப்பல்ல இருந்தவுகளுக்கு இல்லியாக்கும்?”

மணி அடித்தது. தூக்குவாளியைக் கழுவி வைத்துவிட்டு அவள் ஏழாம் நம்பருக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்குப் போனேன், அடுப்படிக்கு வந்தேன், மறுபடி வாசலுக்குப் போனேன். “பூனை கணக்கா எதுக்கு வீட்டையே சுத்துறீக? ஒரு எடத்துல இருங்களேன்” என்றாள் மனைவி. கப்பல் மூழ்கியதா என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவும் கை வரவில்லை.

இன்றுவரை தெரியாது. அந்தப் புத்தகம் எப்போதோ குழாய் சுற்றப் போய்விட்டது. என் ஃபோர்மேன் வேலை அந்தத் தீபாவளியோடு போயிற்று. கம்பெனியும் இப்போது இல்லை. அந்த ரூம்கள் இருந்த இடத்தில் வேலிக்கருவை மண்டிக் கிடக்கிறது. கதை கேட்டவர்கள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்களோ.

அந்தச் செவ்வாய்க்கு மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆபீஸ் பக்கம் போகவில்லை. நேரே ஏழாம் நம்பர் வாசலில் போய் நின்று, முத்துலட்சுமியையும் அதிகப்படியாக உட்கார வைத்த இன்னொருத்தியையும் வெளியே கூப்பிட்டேன்.

“மொதலாளி வைவாரே அண்ணாச்சி?”

“என்னையத்தான வைவாரு. நீங்க ரெண்டு பேரும் பேக்கிங்குக்குப் போங்கம்மா.”