ஏழு திரைக்குப் பின்னால் ஒரு பட்டன்

எங்கள் கம்பெனி விற்கும் போனில் எங்கள் மேப்தான் தானாகத் திறக்கும். வேறு கம்பெனி மேப் வேண்டுமென்றால் செட்டிங்ஸில் ஒரு பட்டனைத் தட்டி மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பட்டனை ஒளித்துவைத்துச் சந்தையையே வளைத்துப்போட்டுவிட்டோம் என்று ஒரு சின்ன மேப் கம்பெனி வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையத்தில் வழக்குப் போட்டது. செட்டிங்ஸ் பக்கத்துக்கு நான்தான் பொறுப்பு. அந்த மாதம்தான் எனக்குப் பதவி உயர்வும் வரவேண்டியிருந்தது. நேரத்தைப் பாருங்கள்.

மெயில், சாட், போட்டோ எதையும் யாரும் அழிக்கக்கூடாது என்று எங்கள் கம்பெனி வக்கீலிடமிருந்து உத்தரவு வந்தது. எனக்கு உடனே கேக் ஞாபகம் வந்தது. எங்கள் டீமில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தக் கம்பெனியை முந்தினாலும் அதன் லோகோ போட்ட கேக் வாங்கி வெட்டுவோம். போன வருஷம் இந்தச் சின்ன மேப்பின் கேக். போட்டோவில் கத்தி என் கையில். என் முகத்திலிருந்த இளிப்பைப் பார்த்தால் நானே என்மேல் வழக்குப் போடுவேன்.

"டிலீட் கர்தேவ் மேடம், கைக்கு டென்ஷன்?" என்றான் பக்கத்து சீட்டுக்காரன், இந்த ஊர் இந்தியில். அழித்துவிடுங்கள், எதுக்கு டென்ஷன் என்கிறான்.

அல்வாலில் இருக்கும் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். மத்திய அரசு ஆபீஸில் ஃபைலோடு குடும்பம் நடத்துகிறவர்.

"அழிச்சியோ, தொலைஞ்ச. எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னு நீயே போய்ச் சொன்ன மாதிரி ஆயிடும். கேட்டதைக் குடுத்துட்டு வா."

மறுநாள் போட்டோவை வக்கீலிடம் நீட்டினேன். சென்னைக்காரர். என்னைவிடச் சின்னவர், பார்வை மட்டும் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"என்ன ஃப்ளேவர்?"

"பைனாப்பிள் மேடம்."

"கேக் சாப்பிட்டதுக்கு யாரும் தண்டனை குடுக்க மாட்டாங்க. அசிங்கம்தான், ஒத்துக்கலாம். அந்தப் பட்டனைக் காட்டுங்க."

போனை எடுத்தேன். செட்டிங்ஸ், ஆப்ஸ், மற்றவை, அதற்குள் இன்னும் மற்றவை. நடுவில் போனின் மொழி மாறியது, ஒரு தடவை அலாரம் அடித்தது. நான் வைத்த பட்டன் ஏழு திரை தாண்டியும் எனக்கே கிடைக்கவில்லை.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுட்டு ஆணையத்துக்கு எத்தனை பக்கம் பதில் எழுதினாலும் யாரு நம்புவா? முதல்ல பட்டனை வெளியே எடுங்க. பதிலோட முதல் வரியே அதுதான்" என்றார். "சரி, உள்ளே தள்ளச் சொன்னது யாரு?"

'டீம் முடிவு' என்று சொல்லியிருக்கலாம். எங்கள் ஆபீஸில் எல்லாத் தப்புக்கும் அதுதான் பெயர். நாக்கு நுனிவரை வந்தும்விட்டது.

"நான்தான்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை. இரண்டு நாள் வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன்.

பட்டனை முதல் திரைக்குக் கொண்டுவந்த வாரம், அமீர்பேட்டில் மெட்ரோ மாறும்போது பக்கத்தில் நின்ற பெண்ணின் கையில் எங்கள் போன். எட்டிப் பார்த்தேன். ஒரே தட்டில் எங்கள் மேப்பைத் தள்ளிவிட்டு அந்தச் சின்ன மேப்பைப் போட்டுக்கொண்டாள். பாவி, ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.